கேமராவுக்கு வைத்த பொட்டு

“கேமரா ஓடலம்மா. போயிட்டு வா.”

ரைட்டர் சோலைமுத்து இதைச் சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டார். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ஏட்டுக்கு ரைட்டர் என்று பேர். அவர் எழுதி முடித்ததைவிட, எழுத முடியாது என்று திருப்பி அனுப்பியதுதான் அதிகம் என்பது ஊரறிந்த விஷயம்.

முத்துப்பேச்சி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே, சுவரும் மச்சும் கூடுகிற மூலையில் மாட்டியிருந்த கேமராவைப் பார்த்தாள். டார்ச் லைட் மாதிரி நீண்டு, வாசலைப் பார்த்துக் குனிந்திருந்தது. அதன் வட்ட முகம் முழுக்கச் சந்தனம், நட்டநடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. சந்தனம் காய்ந்து வெடிப்பு விட்டிருந்ததே ஒழிய ஒரு பொருக்கு உதிரவில்லை. எப்படி உதிரும்? பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து டப்பாவில் அடைத்துக் கொடுத்தவளே அவள்தானே.

“செவப்பு லைட்டு எரியுதே சார்.”

“லைட்டு எரிஞ்சா ஓடுதுன்னு அர்த்தமா? உங்க வீட்டுல லைட்டு எரிஞ்சா மோட்டாரு ஓடுதா?”

“மூஞ்சி பூராம் சந்தனத்த அப்பி வச்சா எப்பிடி சார் ஓடும்? செத்த தொடச்சுவிட்டா என்ன?”

“சாமிக்கு வச்சதத் தொடைக்கச் சொல்றியா? அதுவா உதிரணும். பொம்பள நீ, உனக்கு முறை தெரியாதா?”

“அப்ப பூஜை நடந்துச்சுல்ல?”

சோலைமுத்துவின் டீ கிளாஸ் வாய்க்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். “எந்தப் பூஜை? இங்க ஒரு பூஜையும் நடக்கல. சும்மா வந்து வாயக் கிளறாத. எடத்தக் காலி பண்ணு.”

வெளியே வந்தால், பூஜைக்குக் கட்டிய வாழைமரம் ரெண்டும் ஸ்டேஷன் கேட்டிலேயே கருகித் தொங்கிக்கொண்டிருந்தன. அதை அவிழ்த்துப் போடக்கூட ஆள் இல்லை. பொய் சொல்கிறவன் கொஞ்சம் மெனக்கெட்டாவது சொல்லவேண்டாமா? முத்துப்பேச்சிக்கு அதுதான் தாங்கவில்லை. தன்னை ஏமாற்றுவதற்கு வாழைமரத்தை அவிழ்க்கிற சிரமத்தைக்கூட யாரும் எடுத்துக்கொள்ளவில்லையே என்று வயிறு எரிந்தது.

எந்த ஸ்டேஷன் என்று கேட்கவேண்டாம். பேரைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கதை மாறப்போவதில்லை. முத்துப்பேச்சிக்கும் அவள் புருசன் மலைச்சாமிக்கும் அகரம் தாண்டிப் பூந்தோட்டம். செண்டுமல்லி, கோழிக்கொண்டை, ஓரமாகக் கொஞ்சம் மல்லிகை. விடியக்காலம் பறித்துக் குட்டியானை வண்டியில் ஏற்றித் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால், செபஸ்தியான் கடையில் ஏலம் போட்டு விற்றுக் கொடுப்பார். வருசா வருசம் ஆயுத பூஜைக்கு மட்டும் ஒரு வண்டிப் பூ மார்க்கெட்டுக்குப் போகாது, ஸ்டேஷனுக்குப் போகும். காசா? நல்ல கதை! அந்தப் பூவுக்கு யாரும் காசு கேட்டதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. மலைச்சாமிக்கு அதில் பெருமை வேறு. “இன்ஸ்பெக்டரு என் தோள்ல கையப் போட்டுப் பேசுனாரு, பேச்சி” என்று ஒரு வாரத்துக்குச் சொல்லிக்கொண்டு திரிவான்.

இந்த வருசமும் அப்படித்தான் போனான். மத்தியானமே போய் வாழைமரம் கட்டி, தோரணம் கட்டி, ஜீப்புக்கு மாலை, லத்திக்கு மாலை, துப்பாக்கிக்கு மாலை, விலங்குக்குக்கூட ஒரு முழம் சுற்றி, இருட்டிய பிறகு பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீடு வந்தான். அதே நாள், விளக்கு வைக்கிற நேரம், அய்யலூர்ப் பக்கத்தில் ஜெகபர் அலி என்கிற ஆட்டு வியாபாரியின் கொட்டடியில் ஒரு களவு நடந்தது. மறுநாள் வியாழக்கிழமைச் சந்தைக்கு அடைத்து வைத்திருந்த ஆடுகளை எவனோ குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். தூரத்தில் இருந்து பார்த்த ஒருவர், வண்டியின் முன்னால் மாலை போட்டிருந்தது என்று சொன்னார்.

ஆயுத பூஜை அன்றைக்கு மாலை போடாத வண்டி ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்! ஆனால் அந்தப் பக்கத்துப் போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது. மாலையோடு நின்ற குட்டியானைகளைத் தேடிக்கொண்டே வந்தார்கள். மலைச்சாமி வண்டியில் மாலை இருந்தது. அதுகூடப் பரவாயில்லை, வண்டிப் பலகை இடுக்கில் ஆட்டுப்புழுக்கை இருந்தது. பூந்தோட்டத்துக்கு ஆட்டு எரு போடாமல் அல்வாவா போடுவார்கள்? சொல்லிப் பார்த்தான். சட்டையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள்.

“அந்நேரம் நான் போலீஸ் ஸ்டேஷன்லதான்யா இருந்தேன்!” என்று அவன் கத்தியதைக் கேட்டுச் சிரித்தார்களாம்.

இங்கேதான் வினை. இந்த ஸ்டேஷன்காரர்கள் ஒரே ஒரு வார்த்தை, ‘அவன் எங்ககிட்டதான் இருந்தான்’ என்று சொல்லியிருந்தால் மலைச்சாமி அன்றைக்கே வீட்டுக்கு வந்திருப்பான். ஆனால் பூஜையைச் சாக்கு வைத்து ஜனங்களிடம் எதையும் வாங்கக்கூடாது, வாங்கினதாகத் தெரிந்தால் வேலை போகும் என்று இந்த வருசம் மேலிடத்தில் இருந்து கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். மலைச்சாமி வந்தான் என்றால் பூ எங்கே இருந்து வந்தது என்று கேள்வி வரும். ஆகவே மலைச்சாமி வரவில்லை. பூ வரவில்லை. பூஜையே நடக்கவில்லை. பூவையும் வாங்கி, பொரியையும் தின்றுவிட்டு, ஆளை மட்டும் கண்ணால் பார்த்ததே இல்லை என்று சாதித்தார்கள். வேலியே பயிரை மேய்கிறது என்பார்களே, இந்த வேலி மேய்ந்ததோடு விடாமல் பயிரே விதைக்கவில்லை என்றும் சொன்னது.

ஆட்டைப் பறிகொடுத்த ஜெகபர் அலிக்கே மனசு கேட்கவில்லை. கோர்ட்டு வாசலில் முத்துப்பேச்சி அழுதுகொண்டு நின்றபோது பக்கத்தில் வந்தார். “ஏம்மா, எனக்கு ஆடுதாம்மா வேணும். உன் வீட்டுக்காரர உள்ள வச்சு நான் என்ன செய்ய, பாலா கறக்க?” என்றார். அவர் சொல்லி யார் கேட்டார்கள்? ஆடு கிடைக்காவிட்டால் என்ன, ஆள் கிடைத்துவிட்டானே.

ஆகக்கூடி, மிஞ்சியது அந்தக் கேமரா ஒன்றுதான். ஸ்டேஷனுக்குள் என்ன நடக்கிறது, யார் வந்தார் யார் போனார் என்பதற்குச் சாட்சி வேண்டும் என்று பெரிய கோர்ட்டு சொல்லி, அரசாங்கம் மாட்டி வைத்த கேமரா. அதைப் பற்றி முத்துப்பேச்சிக்குச் சொன்னவள் ரீனா. பூக்கடை செபஸ்தியானின் மகள், வக்கீல். ஜாமீன் மனு ஒரு தடவை தள்ளுபடியான பிறகு ரீனாவும் இதே பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அந்த ரெக்கார்டிங் மட்டும் கிடைச்சிருச்சுன்னா அண்ணன வெளிய எடுத்துரலாம். ஆனா சீக்கிரம் கேக்கணும். உள்ள புதுசு ஏற ஏறப் பழசு தானா அழிஞ்சுரும்.”

“அழிஞ்சுருமா? சாட்சிய அழியிற மாதிரியா வச்சிருக்காங்க?”

“மெஷின் அப்படித்தான்க்கா.”

அன்றையில் இருந்து முத்துப்பேச்சிக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால், அந்தப் பெட்டிக்குள் மலைச்சாமி இருக்கிறான், நாளுக்கு நாள் கால் அழிந்து, இடுப்பு அழிந்து, கழுத்து வரைக்கும் அழிந்துகொண்டே வருகிறான் என்று தோன்றும். பதறி எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குகிற நாளில் வரிசையில் நின்று கொடுத்தாள். நல்லபடியாக வாங்கி, ரசீது கொடுத்து, போலீஸ் ஆபீஸுக்கு அனுப்பினார்கள். போலீஸ் ஆபீஸில், கேமராவெல்லாம் கன்ட்ரோல் ரூம் என்றார்கள். கன்ட்ரோல் ரூமில், ரெக்கார்டு ஸ்டேஷனில்தான் இருக்கும் என்றார்கள். ஸ்டேஷனில் சோலைமுத்து, ஓடலம்மா, போயிட்டு வா என்றார். செக்கு மாடாவது சுற்றிச் சுற்றி எண்ணெய் எடுக்கும். இவள் சுற்றியதற்கு அதுவும் இல்லை. தோட்டத்தில் பூப் பறிக்க ஆள் இல்லாமல் செண்டுமல்லி செடியிலேயே முற்றிக் கருத்தது. தீபாவளிச் சந்தை நெருங்க நெருங்க அதைப் பார்க்கச் சகிக்காமல் தோட்டத்துப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

ஜெயிலில் இருக்கிறவரைப் போய்ப் பார்ப்பதற்கு ‘மனு பார்க்கிறது’ என்று பேர். மனு பார்க்கப் போனாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் மலைச்சாமி நின்றான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இந்தப் பக்கம் இருபது பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். புருசன் பெண்டாட்டி அந்தரங்கமாக ரெண்டு வார்த்தை பேச முடியாது, சந்தைக் கூப்பாடுதான்.

“மாடு சினை நின்னுச்சா?” என்று கேட்டான்.

“அது கெடக்கு! நீ ஸ்டேஷன்ல இருந்ததுக்குச் சாட்சி அந்தக் கேமரா ஒண்ணுதான். அதையும் எந்த எடுபட்டவனோ மூஞ்சி பூராம் சந்தனத்த அப்பிக் கெடுத்து வச்சிருக்கான். அவன் கை வெளங்குமா?”

மலைச்சாமி தலையைச் சொறிந்தான்.

“என்னய்யா முழிக்கிற?”

“நாந்தேன் புள்ள வச்சேன்.”

முத்துப்பேச்சிக்குச் சுற்றியிருந்த கூப்பாடெல்லாம் நின்றுபோனது மாதிரி இருந்தது. “நீயா?”

“சோலைமுத்து ஏட்டுதான் சொன்னாரு. ‘ஏலே, ஒண்ணையும் விட்றாத. அதுந்தான் நமக்காக உழைக்குது, அதுக்கும் ஒண்ணு வையி’ன்னாரு. ஸ்டூலப் போட்டு ஏறி வச்சேன்.”

“பொட்டு வைக்கிறவன் ஓரமா வைக்கக்கூடாதா? கண்ணுலயா கொண்டுபோயி அப்புவ?”

“பொட்டு நெத்தியிலதானடி வைக்கணும்? அதுக்கு நெத்தி எது கண்ணு எதுன்னு எனக்கு என்னத்தத் தெரியும்?”

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “பாவி மனுசா, பாவி மனுசா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறாள். சொந்தச் சந்தனத்தில் வைத்துக்கொண்டவனுக்கு வாக்கப்பட்டிருக்கிறோமே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று வார்டர் விரட்டிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போதே ரீனாவுக்குப் போன் போட்டாள். “இனிமே ஒண்ணுமில்ல வக்கீலம்மா. பொட்டு வச்ச மகராசனே எங்க வீட்டு மகராசந்தான்” என்று ஆரம்பித்து ஒப்பாரி வைக்காத குறையாகச் சொன்னாள்.

அந்தப் பக்கம் ரீனா அவளை முழுக்கச் சொல்லவிட்டாள். அப்புறம், “அக்கா, அழாதீங்க. அண்ணனே வச்சாரா? நிச்சயமா?” என்றாள்.

“நாந்தேன்னு பெருமையா சொல்றாரும்மா.”

“அப்போ அவர் கை கேமராமேல படுற வரைக்கும் கேமரா அவரப் பாத்துக்கிட்டுத்தானே இருந்திருக்கும்? ஸ்டூல்ல ஏறினா மூஞ்சி முழுசா விழுந்திருக்குமேக்கா. நேரத்தோட!”

முத்துப்பேச்சிக்கு இது உறைக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. உறைத்ததும் பஸ் என்றும் பார்க்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் எந்தக் கோயில் என்று ஜன்னல் வழியாகத் தேடினாள்.

ரீனா கோர்ட்டில் மனுப் போட்டு, பெட்டியில் இருப்பதை அழியவிடக் கூடாது என்று உத்தரவு வாங்கினாள். போலீஸ் ஸ்டேஷன் கேமராக்களை மேற்பார்வை பார்க்க ஒரு கமிட்டி இருக்கிறது. அதற்கும் எழுதினாள். அந்தக் கமிட்டி ஒரு தடவை கூடுவதற்குள் முத்துப்பேச்சிக்குப் பாதி உயிர் போயிற்று. ஒருநாள் தலைமை அதிகாரி ஊரில் இல்லை, ஒருநாள் மந்திரி வருகிறார், ஒருநாள் டிவி ரிப்பேர். ஒருவழியாகக் கூடினார்கள். நடுநாற்காலியில் ரெவின்யூ ஆர்.டி.ஓ. அம்மா, பக்கத்தில் ஒரு டி.எஸ்.பி. எதிரே ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரும் சோலைமுத்துவும். ஓரத்தில் ரீனா. அவளுக்குப் பின்னால் முத்துப்பேச்சி. உட்காரச் சொல்ல ஆள் இல்லாததால் நின்றுகொண்டிருந்தாள்.

“அன்னைக்கு எங்க ஸ்டேஷன்ல பூஜை எதுவும் நடக்கல மேடம்” என்றார் இன்ஸ்பெக்டர். மடிப்பு கலையாத சட்டை, மடிப்பு கலையாத குரல்.

“போட்டுப் பாத்துருவோம்” என்றார் ஆர்.டி.ஓ. அம்மா.

சுவரில் இருந்த டிவியில் ஸ்டேஷன் வந்தது. வாழைமரம் வந்தது. செண்டுமல்லித் தோரணம் வந்தது. தன் தோட்டத்துப் பூவை முத்துப்பேச்சிக்குத் தெரியாதா? மாலை போட்ட துப்பாக்கி வரிசை வந்தது. பூஜையே நடத்தாத இன்ஸ்பெக்டர் பட்டு வேட்டியில் கற்பூரத் தட்டோடு வந்து எல்லாருக்கும் காட்டினார். தேள் கொட்டிய திருடன் மாதிரி அவர் இப்போது மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்துப்பேச்சிக்கு அந்த நேரம் நெஞ்சு குளிர்ந்தது. இருக்கிறதைச் சொல்வானேன், நன்றாகவே குளிர்ந்தது.

அப்புறம் மலைச்சாமி வந்தான்.

கையில் அவள் கொடுத்த சந்தன டப்பா. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். முகம் கிட்டே கிட்டே வந்து டிவி முழுக்க நிறைந்தது. சந்தோஷமாக இருந்தான். அத்தனை நாள் கம்பிவலைக்குப் பின்னால் ஒட்டிய கன்னத்தோடு பார்த்த முகம், இங்கே மழமழவென்று சவரம் செய்து, விபூதி பூசி, ஒரு குறையும் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் திரும்பி யாரிடமோ என்னவோ கேட்டான். பதில் வந்திருக்கவேண்டும், தலையை ஆட்டினான். விரலில் சந்தனத்தைத் தோண்டி எடுத்தான். விரல் வந்தது. திரை மஞ்சளாகிப்போனது. ஓரத்தில் நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அய்யலூரில் ஆடு களவுபோன அதே விளக்கு வைக்கிற நேரம்.

“இதாம்மா! இதாம்மா எங்க வீட்டுக்காரரு! எங்க இருந்தாருன்னு பாத்தீகளா?” என்று முத்துப்பேச்சி கத்திவிட்டாள். ரீனா திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ரீனாவின் கண்ணும் கலங்கியிருந்தது.

டி.எஸ்.பி. தொண்டையைச் செருமினார். “சரி. ஆட்டுக் கேஸ்ல இவன் இல்லைங்கிறது வேற விஷயம். அத அந்த ஸ்டேஷன் பாத்துக்கும். இந்தக் கமிட்டிக்கு முன்னால இருக்கிறது கேமரா ஏன் வேலை செய்யலங்கிற கேள்வி. யார் கெடுத்ததுன்னு இப்போ தெளிவாத் தெரிஞ்சிருச்சு.”

ரீனா எழுந்தேவிட்டாள். “சார், அவரா வந்து வைக்கல. வைக்கச் சொல்லியிருக்காங்க. யார்கிட்டயோ கேக்குறாரு பாருங்க. ரைட்டர் சோலைமுத்துதான் சொன்னாருன்னு அவரே சொல்றாரு.”

“சோலைமுத்து, சொன்னீங்களா?”

“சத்தியமா இல்லீங்கய்யா. நான் உள்ள வேலையா இருந்தேன்.”

“சத்தம் இருக்கா இதுல?” என்று ஆர்.டி.ஓ. அம்மா டிவி ஓட்டியவரைக் கேட்டார்.

“மைக் இருக்குங்க மேடம். கனெக்‌ஷன் குடுக்கல.”

ஆர்.டி.ஓ. அம்மா கெட்டவர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தார். மலைச்சாமி மறுபடி திரும்பினான், மறுபடி கேட்டான், மறுபடி தலையாட்டினான். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டினானோ அந்த ஆள் கேமராவுக்குக் கீழே, படத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். எத்தனை தடவை ஓட்டினாலும் அவன் உள்ளே வரவில்லை. “படத்துல இருக்கிறதத்தான் நான் எழுத முடியும்” என்றார் அந்த அம்மா. பூஜை நடந்ததற்கு இன்ஸ்பெக்டரிடம் விளக்கம் கேட்கப்படும், அடுத்த கூட்டத்துக்குள் கேமரா சரியாக இருக்கவேண்டும், கேமராவைக் கெடுத்தவர் பேரில் சட்டப்படி நடவடிக்கை என்று எழுதினார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். ஆட்டுக் கேஸில் மலைச்சாமிக்கு ஜாமீன் கிடைத்தது. பேரை எடுக்க இன்னும் நாளாகுமாம். அது முடிவதற்குள் அரசாங்கச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகப் புதுக் கேஸ் ஒன்று விழுந்தது. அதிலும் ரீனா ஓடி ஆடி ஜாமீன் வாங்கினாள். ஆனால் நிபந்தனை போட்டுவிட்டார்கள். கேஸ் போட்ட ஸ்டேஷனிலேயே தினமும் காலையில் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். பூ மார்க்கெட் சூடாக இருக்கிற நேரம் அது.

மலைச்சாமி வெளியே வந்தான். ஜெயில் வாசலில் முத்துப்பேச்சியைப் பார்த்ததும் சின்னப்பிள்ளை மாதிரி உதட்டைப் பிதுக்கினான். வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, வெஞ்சனத்துக்குக் கருவாடு கேட்டுச் சாப்பிட்டான். தோட்டத்துப் பக்கம் போய்க் கருத்த செண்டுமல்லிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்தான்.

மறுநாள் காலையில் கையெழுத்துப் போடக் கிளம்பும்போது முத்துப்பேச்சியும் கூடவே கிளம்பினாள்.

“நீ எதுக்கு?”

“உன்னத் தனியா அனுப்பிச்சுப் பட்டது போதும். நானும் வாரேன்.”

ஸ்டேஷனில் சோலைமுத்து ஒன்றுமே நடக்காதது மாதிரி இருந்தார். “வாப்பா மலைச்சாமி. உடம்பெல்லாம் நல்லாருக்கா?” என்று கேட்டார். அதுதான் அந்த ஆளிடம் உள்ள விசேஷம், பகை வைத்துக்கொள்ளவே மாட்டார். மலைச்சாமியும் ஒன்றுமே நடக்காதது மாதிரி, “இருக்கேன்யா” என்றான். அதுதான் இந்த ஆளிடம் உள்ள விசேஷம். முத்துப்பேச்சி பல்லைக் கடித்துக்கொண்டாள். மூலையில் கேமரா இன்னும் அதே சந்தனத்தோடுதான் குனிந்திருந்தது. சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது.

கையெழுத்துப் போட்டு முடித்ததும், சோலைமுத்து ஒரு பழந்துணியை எடுத்து மலைச்சாமி பக்கம் நீட்டினார். “கமிட்டி மறுபடி கூடுறதுக்குள்ள சுத்தமா இருக்கணும்னு உத்தரவு. எங்க ஆளுங்க தொடைக்க மாட்டேங்கிறாங்க, சாமி குத்தம்னு. வச்சவந்தான் எடுக்கணும், அதான் முறை. ஸ்டூல் அந்தா இருக்கு. ஏறி அதச் செத்த தொடச்சுவிட்டுப் போயிரப்பு.”

மலைச்சாமியின் கை நீண்டது. சத்தியமாக நீண்டது! யார் எதைச் சொன்னாலும் சரி என்று நீள்கிற கை. துணியை வாங்கி, ஸ்டூலை இழுத்து, ஒரு காலைத் தூக்கி மேலேயும் வைத்துவிட்டான்.

“ஏய்யா! எறங்கு!”

முத்துப்பேச்சி போட்ட சத்தத்தில் லாக்கப்பில் தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். ஓடிப்போய்ப் புருசன் சட்டையைப் பின்னால் இருந்து பிடித்து இழுத்தாள்.

“என்னடி?”

“தொடச்ச கையோட உன் மூஞ்சிதான்யா அதுல மொதல்ல தெரியும்! சாட்சியக் கலைச்சான்னு இன்னொரு கேஸ் போடுவாக. வைக்கச் சொன்ன வாயே அதுல விழுகல, தொடைக்கச் சொல்ற வாயா விழுகப் போகுது?”

மலைச்சாமி காலைக் கீழே வைத்தான். துணியைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான், அப்புறம் சோலைமுத்துவைப் பார்த்தான். அவன் அந்த ஆளை அப்படி நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முத்துப்பேச்சி அவன் கையில் இருந்த துணியைப் பிடுங்கினாள். ஸ்டூலைச் சோலைமுத்துவின் முன்னால் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டு, துணியை அதன்மேல் வைத்தாள்.

“நீங்க ஏறித் தொடைங்க சார். நாங்க பாத்துக்கிட்டு நிக்கிறோம். உங்க மூஞ்சியும் ஒரு தடவ அதுல விழுகட்டும்.”

சோலைமுத்து ஸ்டூலைப் பார்த்தார். மூலையில் எரிகிற சிவப்பு லைட்டைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி, கேமராவுக்கு நேர் கீழே, சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “எனக்கு எழுத்து வேலை கெடக்கும்மா” என்றார்.

செத்த நேரம் காத்திருந்தார்கள். அவர் தலை நிமிரவில்லை. துணி ஸ்டூல்மேல் கிடந்தது. வெளியே வந்தபோது கேட்டில் வாழைமரத்தின் கயிறு மட்டும் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மலைச்சாமி பழக்க தோஷத்தில் அதை அவிழ்க்கக் கையைக் கொண்டுபோனான். முத்துப்பேச்சி பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டான்.

“நாளைக்கும் வரணும்ல?” என்று கேட்டான்.

“வரணும்” என்றாள் முத்துப்பேச்சி.